நல்ல நரம்பு

சான்றிதழில் பெயர் எப்படி வரவேண்டும் என்று
படிவத்தில் கேட்டிருக்கிறார்கள்.
பூர்த்தி செய்து நீட்டினேன்.
இனிஷியலைப் பச்சை மையால் சுழித்துத்
திருப்பித் தந்துவிட்டார் ஆபீஸ் மேடம்.
பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து,
ஆதாரில் வேறொன்று,
ரேஷன் கார்டில் எழுத்தே இல்லை.
"இதில் எதும்மா நீ?"
பஸ் பாஸில் இருப்பது, மேடம்.
அந்தப் போட்டோதான் கொஞ்சம் என் ஜாடை.

இன்னும் பத்தொன்பது நாள்.

சத்துவாச்சாரியில் டைல்ஸ் கடைக்கு மேலே
எங்கள் சமுதாயக் கல்லூரி.
இரண்டு அறை, ஒரு நுண்ணோக்கி,
கரண்ட் போனால் படிக்கட்டில் பாடம்.
கீழே கல் அறுக்கும் மெஷின்
மூச்சு வாங்கும் இடைவெளிகளில்
இரத்தத்தைப் பற்றிப் படித்தோம்.
பாதி காதில் விழுந்ததெல்லாம்
பத்து மார்க் கேள்வியாக வந்தது.

முதல் ஊசி தேவகிருபையின் இடது கையில்.
அவள் காலையில் சாப்பிடவில்லை, சொல்லவுமில்லை.
எனக்கு விரல் நடுங்கியது, நானும் சொல்லவில்லை.
புத்தகத்தில் அது சிரை.
எங்கள் வாயில் என்றைக்கும் நரம்பு.
மூன்றாவது குத்தில் குழாய்க்குள் சிவப்பு ஏற,
சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.
ஷபானா ஓடிப்போய் ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கி வந்தாள்.
பாதியைக் குடித்துவிட்டு
ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தாள் கிருபை.
"இப்ப உன் கை."

அதற்கு முன்னே ஆறு வருஷம்
ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி.
இடதும் வலதும் ஒரே நிறமா என்று பார்ப்பது என் வேலை.
பசை வாசனை தலைமுடியில் வீட்டுக்கு வரும்.
சூப்பர்வைசர் இப்போதும் போன் செய்கிறார்:
பதினோராயிரம், பி.எஃப். உண்டு, திங்கட்கிழமை வரலாம்.
லேபில் ஒன்பதாயிரம் என்கிறார்கள்.
ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே
தினமும் ஒருமுறை பஸ் மாறுகிறேன்.

பயிற்சிக்குப் போனது
ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு சின்ன லேப்.
லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து,
கொடியில் காயப்போட்ட துணி மாதிரி
மேல்கோட்டில் தொங்கும்.
இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள்
ஃபைலை மடியில் அணைத்து உட்கார்ந்திருப்பார்கள்.
கை நீட்டுங்கள் என்பதற்கு "ஹாத் தின்".
பயம் இல்லை என்பதற்கு "பொய் நேய்".
முதல் நாள் அது என் காதில்
பொய் இல்லை என்றே விழுந்தது.
அதுவரை எல்லோரிடமும்
"வலிக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
அன்றிலிருந்து, எந்த பாஷைக்காரராக இருந்தாலும்,
"கொஞ்சம் வலிக்கும்."

மே மாத வெயிலில் எங்கள் ஊரில்
நரம்பு தானே எழுந்து நிற்கும்.
தண்ணீர் குடிக்காமல் வந்தவர்களுக்கு மட்டும் பாலாறு:
இருக்கிறது, மணலுக்கு அடியில்.
கண்ணை நம்பாமல் விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

நேற்று ஸ்டுடியோவில் கறுப்பு அங்கி,
வாடகை நூற்றைம்பது, பத்து நிமிஷம்.
எனக்கு முன்னால் போட்டவரின் வியர்வை ஈரம்
கழுத்துப் பட்டையில் இருந்தது.
அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு
"வக்கீலா நீ?" என்றாள்.
இரத்தம் எடுக்கிற படிப்பு என்று
அக்கம்பக்கத்தில் இன்னும் சொல்லவில்லை அவள்.
நர்ஸுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

படிவம் பைக்குள் மடிந்து கிடக்கிறது.
இனிஷியலுக்கான கட்டம் இன்னும் காலி.

ஆற்காடு பஸ்ஸில் நிற்க இடமில்லை.
மேல்கம்பியில் வரிசையாகத் தொங்கும் கைகளில்
யார் முகத்தையும் பார்க்காமல்
நரம்பைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.
கண்டக்டருக்கு மணிக்கட்டில் தடிமனாக ஒன்று.
காலேஜ் பையனுக்கு ஒளிந்து ஒளிந்து ஓடும்.
பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மா
சட்டென்று முந்தானையால் கையை மூடிக்கொண்டார்.
"என்னம்மா அப்படிப் பாக்கறே?"
"உங்களுக்கு நல்ல நரம்பு."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு கூடையை நகர்த்தி
அரை சீட் கொடுத்தார்.